தேராது தெளிதல்: முருகைக்கல் எழுப்பும் ஓர் அறவினா

நெடுந்தீவின் ஒழுங்கைகளில் நடப்போர் கண்ணில் முதலிற் படுவன முருகைக்கல் மதில்கள். சாந்தின்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கப்பெற்ற அம்மதில்கள் வளவுகளுக்கு எல்லையாய் நிற்கின்றன. தூரத்தில் நின்று நோக்குவோருக்கு அவை யாவும் ஒரே சாம்பல்நிறக் கற்கள். அருகிற் சென்று ஒரு கல்லை உற்று நோக்குபவருக்கோ அதன் முகத்திலே சிறு சிறு கிண்ணங்கள் நெருங்கிய கோலம் ஒன்று தெரியும். அடுத்த கல்லின் கோலம் அதனின் வேறாயிருக்கும். ஒன்றிலே கிண்ணங்கள் தனித்தனிச் சுவருடையன. மற்றொன்றிலே அயலிலுள்ள இரு கிண்ணங்களுக்கு ஒரு சுவரே பொதுவாகும். பிறிதொன்றிலே கிண்ணங்கள் ஊசித்துளை அளவினவாய் வெறுங்கண்ணுக்கு அரிதிற் புலப்படும். ஒவ்வொரு கோலமும் முன்னொரு காலத்தில் உயிரோடிருந்த ஓரினத்தின் அடையாளம். மதிலைக் கட்டியவருக்கு இவ்வேறுபாடு வேண்டியிருக்கவில்லை. கல் பாரந்தாங்கினாற் போதும். அவர் பிழைசெய்தாரென எவருங் கூறார். ஆயின், உயிருள்ள முருகையோடு தொடர்புடையவருக்கும் அவ்வளவு அறிவே போதுமா? ஒத்த தோற்றமுடைய இரண்டனை வேறுபிரித்தறிதல் அறிவுத்துறையின் வேலை மட்டுந்தானா, அன்றி அறத்தின்பாற்பட்ட கடமையும் ஆகுமா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்குழப்பமொன்றை நீக்கிக்கொள்ளல் வேண்டும். நவமணிகளுள் ஒன்றாகிய பவளமும் ஈழத்துக் கரைகளிற் காணப்படும் முருகைக்கல்லும் ஒன்றெனக் கருதுவாருளர். தமிழகத்தில் ‘பவளப்பாறை’ என்னும் வழக்கு நிலைபெற்றமை இக்கருத்துக்கு ஓரளவு துணைசெய்கின்றது. அணிகலனாகும் செம்பவளம் மத்தியதரைக் கடல் முதலியவற்றிற் கிடைப்பது. அதன் பொலிப்பு ஒவ்வொன்றும் எட்டுப் பரிசக்கொம்புகளை உடையது. முருகைக்கற்பாறையை ஆக்கும் கல்முருகைகளிலோ பரிசக்கொம்புகளும் கிண்ணத்தின் உட்சுவர்களும் பெரும்பாலும் ஆறின் மடங்காய் அமையும். பொலிப்பு எனப்படுவது மெல்லுடலுடைய சிறு விலங்கு. அது தன் அடியிற் சுண்ணாம்பைச் சுரந்து ஒரு கிண்ணத்தை அமைக்கின்றது. ஆயிரக்கணக்கான பொலிப்புகள் ஒட்டி வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சுரந்த கிண்ணங்களின் திரட்சியே முருகைக்கல். ஆகவே கல்முருகைக்கு இரு முகங்கள் உண்டு: மேலே உயிருள்ள தசை; கீழே அத்தசை விட்டுச்செல்லும் கல். இவ்விரு முகங்களும் எப்போதும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகின்றது.

கண்ணாடித் தொட்டியிலே கடல்நீர் நிரப்பி முருகை வளர்ப்பவர் காண்பது தசையையே. ஒளியூட்டப்பட்ட தொட்டியில் நீண்ட காம்புகளின் நுனியிற் பூ மலர்ந்தாற்போல அசையும் கோனியோப்போராவும் அல்வியோப்போராவும் முதற்பார்வையில் ஒன்றுபோலவே தோன்றும். பரிசக்கொம்புகளை எண்ணிப் பார்ப்பவரே வேறுபாட்டை உணர்வர்: முன்னையதற்கு இருபத்துநான்கு, பின்னையதற்குப் பன்னிரண்டு. இவ்வொற்றுமையைக் கண்டு முன்னாள் அறிஞரும் இரண்டையும் ஒரே குடும்பத்துள் வைத்தனர். பிற்கால மூலக்கூற்று ஆய்வுகளோ அல்வியோப்போராவைக் கிளைமுருகைகளாகிய அக்குரோப்போராக்களின் குடும்பத்தோடு சேர்த்தன. உடன்பிறப்புகள்போலத் தோன்றியவை நெடுந்தூரத்து உறவினவாய் முடிந்தன.

நிறத்தை நம்பலாமோவெனின், அதுவும் இயலாது. முருகையின் நிறம் அதன் தசையுள் வாழும் நுண்ணிய அல்காக்களாலும் அது தானே ஆக்கும் நிறப்பொருள்களாலும் அமைவது. ஒளி மாறினால் நிறமும் மாறும். கடலிலே கபிலநிறமாயிருந்த துண்டொன்று தொட்டியின் நீலவொளியிற் பச்சையாயும் ஊதாவாயும் ஒளிரக்கூடும். உருவத்தை நம்பலாமோவெனின், அலை மோதுமிடத்தில் தடித்த குறுங்கிளைகளோடு வளரும் போசிலோப்போரா அமைதியான நீரில் மெலிந்த நெடுங்கிளைகளை விடும். ஒரே உயிர் இடத்துக்கேற்ப வேறு வேறு உருக்கொள்கின்றது. வேறு வேறு உயிர்கள் ஒரே இடத்தில் ஒத்த உருக்கொள்கின்றன. கண் இரு வழியாலும் ஏமாறுகின்றது.

இவ்வேமாற்றத்தின் இயல்பைத் தமிழ்மரபு நன்கு ஆராய்ந்துள்ளது. அந்திப்பொழுதில் தொலைவிலே தோன்றுவது கட்டையோ மனிதனோ என மயங்குதல் ஐயம். கயிற்றைப் பாம்பெனக் கொள்ளுதல் திரிபு. சைவசித்தாந்த அளவைநூல்கள் இவ்விரண்டையும் குற்றமுள்ள காட்சிகளாகக் கொண்டு விலக்கின. மணிமேகலை இன்னும் நுணுகிச் செல்கின்றது. சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில் அளவைவாதி கூறும் எட்டுப் போலியளவைகளுள் ஐயம், திரியக்கோடல் என்பவற்றோடு ‘தேராது தெளிதல்’ என்பதும் தனியே எண்ணப்பட்டுள்ளது. அதாவது, ஆராயாமலே முடிவுசெய்தல். மணிபல்லவம் என்பது நயினாதீவே எனக் கருதுவோர் உளர். அக்கருத்தை ஏற்பினும் ஏலாதொழியினும், முருகைகள் வாழும் கடலால் சூழப்பட்ட அத்தீவின் நினைவோடு இணைந்த காப்பியமே இக்குற்றத்துக்குப் பெயர்வைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஐயத்துக்கும் தேராது தெளிதலுக்கும் உள்ள வேறுபாடு அறநோக்கிற் பெரிது. ஐயுறுபவன் தன் அறியாமையை அறிந்திருக்கின்றான். அவனிடம் குறைந்திருப்பது அறிவு. தேராது தெளிபவன் அறியாமையை அறிவென்று தனக்குங் காட்டிப் பிறர்க்குங் காட்டுகின்றான். அவனிடம் குறைந்திருப்பது நேர்மை. திரிபுணர்ச்சி கண்ணின் பிழையாகலாம். தேராது தெளிதலோ கண்ணின் பிழையன்று; பார்க்க வேண்டிய அளவு பாராமலே நிறுத்திக்கொண்ட மனத்தின் பிழை. பிழைக்குப் பொறுப்பு ஏற்றப்படுவது இவ்விடத்திலேயே.

ஐயமுற்றவர் பேசாதிருத்தல் வேண்டுமோ? தொல்காப்பியம் அவ்வாறு கூறவில்லை. கிளவியாக்கத்திலே ஐயப்பொருளைச் சொல்லும் முறைக்கு விதிவகுக்கும் ஆசிரியர், ஆணோ பெண்ணோ என்னும் ஐயம் நிகழுமிடத்துப் பலர்பாலாற் கூறுக என்றும், உயர்திணையோ அஃறிணையோ என்னும் ஐயம் நிகழுமிடத்து ‘உருவு’ முதலிய பொதுச்சொல்லாற் கூறுக என்றும் வழிகாட்டுகின்றார். அறிந்த எல்லை வரையிற் சொல்லுக. அறியாத எல்லையைப் பொதுச்சொல்லால் விட்டுவைக்க என்பதே இவ்விதியின் உட்கிடை. இலக்கணம் என்ற பெயரில் இங்கு வகுக்கப்பட்டிருப்பது ஐயத்தை நேர்மையாகப் பேசும் நெறி எனலாம்.

வியத்தகு முறையில் இதே நெறியை உலகச் சட்டமொன்றும் மேற்கொண்டுள்ளது. அழியும் ஆபத்துக்குட்படக்கூடிய உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைற்றிஸ்’ உடன்படிக்கை 1973 ஆம் ஆண்டு வாசிங்டனிற் கையெழுத்திடப்பட்டு 1975 இல் நடைமுறைக்கு வந்தது. கல்முருகைகள் அனைத்தும் இன்று அதன் இரண்டாம் அட்டவணையுள் அடங்குகின்றன. பொதுவாக அவ்வுடன்படிக்கை இனப்பெயரை வேண்டுவது. ஆயின் முருகைகளுட் பலவற்றுக்கு இனம்வரை செல்லாது சாதிப்பெயரோடு நிறுத்தினும் அமையும் என ஒரு பட்டியலை வகுத்துள்ளது. சுங்கச்சாவடியில் நிற்கும் அலுவலர் தம்மால் அறியவொண்ணாத இனப்பெயரை எழுதிப் பொய்யராவதினும், அறிந்த சாதிப்பெயரை எழுதி மெய்யராவது நன்று. இலங்கையிலும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் கல்முருகைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. அங்கும் காப்பவர் எதனைக் காக்கின்றார் என்னும் கேள்வி எழவே செய்யும்.

பொதுச்சொல்லே போதுமெனின் நுணுகியறிதல் எதற்கு என்பார் உளர். இயற்கையில் எல்லைக்கோடுகள் இல்லை. பெயர்கள் மனிதன் தன் வசதிக்காக இட்டவை. ஆகவே ஒன்றை இரண்டெனலும் இரண்டை ஒன்றெனலும் வெறும் வழக்கே. இதில் அறம் எங்கிருந்து வந்தது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ள முடியாது. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையின் முருகைத் தொகுதியை ஆராய்ந்த ஹென்றி பேர்னாட், 1903 ஆம் ஆண்டுக்கும் 1906 ஆம் ஆண்டுக்கும் இடையில் வெளியான தம் பட்டியல்களிலே, கோனியோப்போரா, போரைற்றிஸ் என்பவற்றுக்கு இனப்பெயர் இடும் வழக்கத்தையே கைவிட்டார். கிடைத்த இடத்தின் பெயரையும் ஓர் எண்ணையும் மட்டுமே குறித்தார். ஒன்றினின்று மற்றொன்றுக்குச் சிறிது சிறிதாக மாறிச்செல்லும் அவ்வடிவங்களில் எங்கே கோடு கிழிப்பதென்று அவருக்குத் தோன்றவில்லை. தெரியாத கோட்டைத் தெரிந்ததுபோற் கிழியாமை அவரது நேர்மை. பின்வந்தோர் அவர் முறையைப் பின்பற்றவில்லையெனினும் அவர் எழுப்பிய ஐயம் மறையவில்லை.

எனினும், கோடு தெரியாமை வேறு, கோடே இல்லாமை வேறு. இதனை உணர்த்தியவை முருகைகளே. கரிபியன் கடலிலே ஸ்கோலிமியா என்னும் முருகைகளுள் இரு வகைகளை ஆய்வாளர் ஓரினமாகவே கொண்டிருந்தனர். யமேக்காவில் ஆராய்ந்த ஜூடித் லாங், அருகருகே இருக்க நேர்ந்தபோது ஒருவகை தன் உட்குடல் இழைகளை வெளியே நீட்டி மற்றதன் தசையைச் சீரணித்துவிடுவதைக் கண்டார். தன்னினத்தோடு ஒட்டியிருக்கும்போது அது அவ்வாறு செய்வதில்லை. இதனைச் சான்றாகக் கொண்டு அவை இரண்டும் வேறினங்களென 1971 இல் அவர் நிறுவினார். நூல்வல்லார் ஒன்றென எழுதியதை, கண்ணும் மூளையுமற்ற உயிர் இரண்டெனப் பிரித்தறிந்தது. மனிதன் பெயரிடுமுன்னரே அவ்வெல்லை அங்கே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. முருகைத் தொட்டி வைத்திருப்பவருக்கும் இது வெறும் கதையன்று. ஒத்தவையெனக் கருதி நெருக்கமாக வைத்த இரண்டுள் ஒன்று விடியுமுன் வெள்ளெலும்பாய் நிற்றல் கூடும். அங்கே பிழையாகச் சொன்ன பெயருக்கு விலை கொடுப்பது சொன்னவரல்லர்.

விலை கொடுப்பது எப்போதும் தொட்டியிலுள்ள உயிர் மட்டுமன்று. கரிபியன் கடலின் பாறைகளிலே மிகப் பரவலாகக் காணப்பட்ட மொன்ரஸ்திரேயா அனுலாரிஸ் என்பது ஓரினமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதன் வடிவ வேறுபாடுகள் ஆழத்தாலும் ஒளியாலும் விளைந்தவை என அறிஞர் அமைதிகூறினர். 1992 இல் நான்சி நோல்ற்றனும் அவர்தம் குழுவினரும் அது மூன்று இனங்களின் தொகுதி என எடுத்துக்காட்டினர். மரத்தின் ஆண்டுவளையம்போல முருகைக்கல்லிலும் ஆண்டுப் படைகள் உண்டு. அப்படைகளிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின் விகிதத்தைக் கொண்டு பழங்காலக் கடல்வெப்பம் கணிக்கப்படுகின்றது. அம்மூன்று இனங்களோ வளரும் வேகத்திலும் அவ்விகிதத்திலும் வேறுபட்டவை. ஒன்றென எண்ணி மூன்றையும் கலந்து கணித்தவர் பெற்ற கணக்கிற் கடலின் மாற்றமும் இனத்தின் வேறுபாடும் பிரிக்கமுடியாதவாறு கலந்துபோயின. எவரும் பொய்சொல்லக் கருதவில்லை. ‘ஒன்றுபோலத்தான் இருக்கின்றது’ என்ற எளிய அமைதியே பொய்க்கு இடங்கொடுத்தது.

பெயர் என்பது ஒருவர் பிறருக்கு அளிக்கும் வாக்குறுதி என்பது இதனாற் பெறப்படும். ‘இது இன்னது’ எனக் கூறுபவர், அவ்வினத்தைப் பற்றி இதுவரை அறியப்பட்ட யாவும் இதற்கும் பொருந்துமெனக் கேட்பவருக்கு உறுதிகூறுகின்றார். கேட்பவர் அதனை நம்பிக் கணக்கிடுவர், காப்பர், அழிப்பர். ஆகவே பெயரிடுதல் அறிவுச்செயலாய்த் தொடங்கி அறச்செயலாய் முடிகின்றது.

இக்கருத்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புறம்பானதன்று. பாக்கு விரிகுடாவின் மறுகரையிலுள்ள மண்டபத்தில் 1969 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலேயே முருகைகளும் முருகைப்பாறைகளும் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கொன்று நிகழ்ந்தது. இக்கரையிலோ முப்பதாண்டுக்கால யுத்தம் கடலையும் ஆய்வாளரையும் பிரித்துவைத்தது. 2009 இல் யுத்தம் முடிவுற்றபின், 2016 ஆம் ஆண்டு தொடக்கம் 2018 ஆம் ஆண்டுவரை எழுவைதீவு, புங்குடுதீவு, மண்கும்பான் முதலிய இடங்களை உள்ளிட்ட எட்டுப் பாறைகளில் விரிவான ஆய்வொன்று நடத்தப்பட்டது. 2021 இல் வெளியான அதன் முடிவுகளின்படி 16 குடும்பங்களைச் சேர்ந்த 113 இனங்கள் இங்கு வாழ்கின்றன; அவற்றுள் 36 இனங்கள் இலங்கையில் அதற்குமுன் பதிவுசெய்யப்படாதவை. உருவ ஆய்வோடு டீ. என். ஏ. ஆய்வும் துணைக்கொண்டே இவை உறுதிசெய்யப்பட்டன.

அந்த 36 இனங்களும் 2016 இல் வந்து குடியேறியவையல்ல. பட்டியலில் இல்லாதிருந்த காலத்திலும் அவை கடலில் இருந்தன. ‘இன்மை’யும் ஓர் அளவையென முன்னோர் சிலர் கொண்டனர், பானை இல்லாமையைக் காண்பதும் ஒரு காட்சியே என்பது அவர் கருத்து. ஆயின் இருந்தால் தெரியவேண்டிய இடத்தில், தெரியும் வண்ணம் தேடியபின்னரே ‘இல்லை’ என்னும் முடிவு செல்லும். தேடாதவர் கூறும் ‘இல்லை’யும் தேராது தெளிதலின் ஒரு வகையே. இன்னும், கடல் வெப்பமுறும்போது எல்லா முருகைகளும் ஒருபடியாக வருந்துவதில்லை. அக்குரோப்போரா, போசிலோப்போரா முதலிய கிளைமுருகைகள் பொதுவாக விரைவில் வெளிறி மடியும். திரண்ட போரைற்றிஸ் பெரும்பாலும் தாங்கிநிற்கும். எல்லாவற்றையும் ‘முருகைக்கல்’ என்னும் ஒரு சொல்லால் அறிந்தவருக்கு, பல இனங்கள் மறைந்து சில இனங்களே எஞ்சிய பாறையும் பழைய பாறையாகவே தோன்றும். பெயர் இல்லாததன் சாவு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதுகாறும் கூறியது உள்ள வேறுபாட்டை மறைக்கும் குற்றம் பற்றியது. இதற்கு எதிர்முகமான குற்றமும் ஒன்று உண்டு. அது இல்லாத வேறுபாட்டைக் கற்பித்தல். முருகை வாணிபத்திலே ஓரினத்தின் நிறவேறுபாடுகளுக்குப் புதுப்புதுக் கவர்ச்சிப் பெயர்களைச் சூட்டிப் பன்மடங்கு விலைக்கு விற்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஒளி மாறினால் மறையக்கூடிய நிறத்துக்கு ஒரு தனிக்குலத்தின் பெருமை ஏற்றப்படுகின்றது. அறிஞருலகிலும் இக்குற்றம் நிகழ்ந்ததுண்டு. அலையாலும் ஆழத்தாலும் மாறிய ஓரினத்தின் துண்டுகளுக்குப் பல பெயரிட்டுப் பின்னர் அவற்றை ஒன்றாக்க நேர்ந்தது. உள்ளதை மறைப்பதும் இல்லாததைப் படைப்பதும் ஒரே வேரில் முளைத்தவை: இரண்டும் பாராமலே பேசுகின்றன.

உயிரியலார் இனங்களை உள்ளடக்கும் தொகுதியைச் ‘சாதி’ என்னும் சொல்லாற் குறிப்பர். அச்சொல்லை இம்மண்ணில் வேறொரு பொருளில் நினையாமற் சொல்லவியலாது. முருகையின் சாதியைக் கூறுபவர் கிண்ணத்தை நோக்கி, உட்சுவரை எண்ணி, ஐயம் எழின் மறுபடியும் நோக்கிக் கூறுகின்றார். மறுசான்று கிடைப்பின் மாற்றிக்கொள்கின்றார். மனிதரின் சாதியைக் கூறியவரோ மனிதரை நோக்கவே இல்லை. பிறப்பைக் கேட்டு முடிவுசெய்தார். எந்தச் சான்றுக்கும் அம்முடிவு இடங்கொடுக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப்பிரவேசம் வேண்டி நின்றோர் கேட்டது, இல்லாத வேறுபாடொன்றைக் கைவிடுமாறே. வேறுபிரித்தறிதல் அறமென்று வாதிப்பவர் இவ்விடத்தில் நின்று சிந்தித்தல் வேண்டும். வேறுபாடு காண்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. காணப்படும் பொருளுக்கு உண்மையாய் இருத்தலே நன்மை. பொருளின் உண்மை வேறுபாடாயின் வேறுபாட்டையும், ஒற்றுமையாயின் ஒற்றுமையையும் ஏற்கும் மனமே தேர்ந்து தெளிந்த மனம்.

அவ்வாறு ஏற்றலும் எளிதன்று என்பதற்குப் பேவியாவின் வரலாறு சான்றாகும். கிண்ணங்களுக்குத் தனித்தனிச் சுவருடைமையால் இந்து, பசிபிக் சமுத்திரங்களின் முருகைகளும் அத்திலாந்திக்கின் முருகைகளும் ‘பேவியா’ என்னும் ஒரே சாதியாக நெடுங்காலம் எண்ணப்பட்டன. 2004 இல் வெளியான மூலக்கூற்று ஆய்வொன்று இவ்விரு கடல்களின் வடிவங்களும் தொன்மையிலேயே பிரிந்துபோன வேறு வழியின எனக் காட்டியது. 2012 இல் இந்து, பசிபிக் கடல்களுக்குரியவை பேவியாவினின்று நீக்கப்பட்டு, 1830 இல் பிளேன்வில் வைத்து வழக்கொழிந்திருந்த ‘டிப்சாஸ்திரேயா’ என்னும் பெயர் அவற்றுக்கு மீட்டளிக்கப்பட்டது. முன்னோர் எழுதியவற்றுள் எத்தனையோ பக்கங்கள் திருத்தத்துக்குள்ளாயின. அதற்காக எவரும் முன்னோரைப் பழிக்கவில்லை. அவர்கள் தமக்குக் கிட்டிய சான்றளவிலே தேர்ந்தனர். தேர்ந்தும் பிழைபட்டவருக்கும் தேராது பிழைபட்டவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறம் மறத்தலாகாது. டீ. என். ஏ. ஆய்வும் இறுதித் தீர்ப்பன்று. முருகைகளின் இழைமணியிலுள்ள மரபுப்பொருள் மிக மெதுவாக மாறுவதால், நெருங்கிய இனங்கள் சில அவ்வாய்விலும் ஒன்றாகவே தோன்றும். புதிய கருவி வந்தமையால் ஐயுறும் கடமை நீங்கிவிடவில்லை.

இறுதியாக, மிகக் கடினமான கேள்வி எஞ்சுகின்றது. திரண்ட போரைற்றிஸ்களுள் லூற்றியா, லொபாற்றா என்னும் இரண்டைப் பிரித்தறிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள கிண்ணத்துள் ஒரு பக்கத்திலுள்ள மூன்று உட்சுவர்கள் ஒன்றாய் இணைகின்றனவா, பிரிந்து நிற்கின்றனவா என நோக்கல் வேண்டும். உயிருள்ள தசை மூடியிருக்கும்வரை அது தெரியாது. துண்டொன்றை உடைத்து, தசையை நீக்கி, எஞ்சிய கல்லை உருப்பெருக்கியின்கீழ் வைத்தபின்னரே தெரியும். அஃதாவது, பெயரை உறுதியாக அறிய அப்பெயருக்குரிய உயிரின் ஒரு பகுதி சாகவேண்டும். காக்கும்பொருட்டு அறிதல், அறியும்பொருட்டு ஊறுசெய்தல் என்னும் முரண்பாடு இங்கே தோன்றுகின்றது.

இம்முரண்பாட்டை முற்றாகத் தீர்க்கும் விதி எதுவும் இல்லை. அளவறியும் விதி உண்டு. அறிவின் பயன் ஊறுபடும் உயிர்க்கும் அதன் சுற்றத்துக்கும் சேருமாயின், எடுக்கப்படுவது அதன் வளர்ச்சி ஈடுசெய்யக்கூடிய சிறுதுண்டாயின், எடுத்த துண்டு பேணப்பட்டு மறுமுறை எவரும் உடைக்கவேண்டாதவாறு பயன்படுமாயின், அவ்வூறு பொறுக்கத்தக்கது. ஒரு நகக்கண் அளவு துண்டினால் ஒரு பாறையின் இனங்கள் பட்டியலேறிக் காப்புப்பெறுமெனின், உடையாது விட்டு அறியாமையில் அழியவிடுவதே பெருங்கொடுமை. மாறாக, தொட்டியுடையவர் தம் ஆவலைத் தீர்க்கவோ விற்பவர் விலையை உயர்த்தவோ உடைப்பராயின், அங்கே ‘டிப்சாஸ்திரேயா’ என்று சாதியோடு நிறுத்திக்கொள்வதே மேன்மை. எல்லாவற்றையும் அறிந்தே தீருவேன் என்பதும் ஒருவகைப் பேராசைதான். அறியாமலிருக்கச் சம்மதிப்பது, தக்க இடத்தில், அறிவுடைமையின் பகுதியாகும்.

ஆகவே எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இவ்வாறு அமைகின்றது. பிறருடைய செயல் தம் சொல்லை நம்பி நிற்கும் இடத்தில், ஒத்த தோற்றமுடையவற்றை வேறுபிரித்தறிதல் கடமையே. அக்கடமை, சான்று செல்லும் எல்லைவரை செல்வது. அவ்வெல்லையில் பொதுச்சொல்லோடு நிற்பது. பின்வரும் சான்றுக்கு இடம்விடுவது. அறிதற்காகச் செய்யும் ஊறு அறிவின் பயனை விஞ்சாது பார்ப்பது என்னும் நான்கையும் உள்ளடக்கியது. இவற்றுள் ஒன்று குறையினும் தெளிவு போலித்தெளிவாகும்.

நெடுந்தீவின் மதில் இன்னும் நிற்கின்றது. அதனைக் கட்டியவர் கல்லின் பெயரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய காலமும் அதுவன்று. அம்மதிலுக்குக் கல் தந்த இனங்களின் வழியினர் அயற்கடலில் எத்தனைபேர் எஞ்சியுள்ளனர் எனக் கேட்கவேண்டிய காலம் இது. அக்கேள்விக்கு ‘எல்லாம் முருகைக்கல் தானே’ என விடையிறுப்பவர் பொய்சொல்லவில்லையென வாதிடலாம். ஆயினும் அவர் மதிலுக்கு அருகிற் சென்று பார்க்கவில்லை.